எல்போவில் இருந்த படிவு

வெந்நீர் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதைக் கண்டால் என் மகளுக்குப் பிடிக்காது. அவள் அம்மா போன பிறகு என் வீட்டில் எல்லாம் அவள்தான். கல்யாணமான பிறகும் மாடிப் போர்ஷனில்தான் இருந்தாள். தினமும் இறங்கி வந்து கெட்டிலைத் தேய்த்துவிட்டுப் போவாள்.

எங்கள் ஆலையிலும் அதே தொல்லைதான். பூமிக்கு அடியிலிருந்து ஆழ்கிணறுகள் வழியாகக் கொதிநீரை எடுத்து, அதன் நீராவியில் மின்சாரம் தயாரிக்கிறோம். நீரோடு வரும் சுண்ணாம்பு குழாய்க்குள் கல்லாகப் படியும். படிவுக்கு அடியில் அரிப்பு இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். சில இடங்களில் இரும்பு பேருக்குத்தான் இருக்கும், படிவுதான் குழாயைத் தாங்கும். அங்கே ஆசிட் விட்டுக் கழுவினால் குழாய் நிற்காது. அதனால் கழுவியதும் குழாய்ச் சுவரின் கனத்தை அளந்த பிறகே நீராவியைத் திறப்போம். அளப்பது என் வேலை. கழுவியவரே வால்வைத் திறக்க வேண்டும் என்ற வழக்கமும் நான் கொண்டுவந்ததுதான். அப்போதுதான் பொறுப்பாகக் கழுவுவார்கள்.

கழுவும் வேலை என் மாப்பிள்ளையுடையது. அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மகள் பாட்டுப் பாடிக்கொண்டே பெட்டி அடுக்கினாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மாமா, நீங்களும் எங்ககூட வந்துடுங்க. ஒங்கள விட்டுட்டு அவளால இருக்க முடியாது" என்றார் மாப்பிள்ளை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் வீட்டு மூலையில் உட்கார்ந்து சாப்பிடும் வயதா எனக்கு?

மறுநாள் இரண்டாம் கிணற்று எல்போவை, அதாவது குழாய் வளையும் இடத்தை, சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். மந்தமாகக் கேட்டது. உள்ளே இரும்பு அநேகமாக இல்லை என்று புரிந்துவிட்டது. படிவு நிறைய இருக்கிறது, கழுவ வேண்டும் என்று மட்டும் மேலாளரிடம் சொன்னேன். அதில் பொய்யில்லை.

கழுவி முடித்ததும் மாப்பிள்ளை கேட்டார்: "கனம் பாத்துட்டீங்களா மாமா?"

"பாத்துட்டேன் மாப்ள. தெறங்க."

பக்கத்தில் நின்ற வெல்டரை டீ வாங்கி வர அனுப்பினேன். பிள்ளைகுட்டிக்காரர், பாவம். பிறகு கண்ட்ரோல் ரூமுக்கு நடந்தேன். கதவைச் சாத்தும்போது சத்தம் கேட்டது.

நான் அளக்கவில்லை. எல்போ வெடிக்கும் என்று தெரிந்துதான் திறக்கச் சொன்னேன். இதைத்தானே கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் சார், எழுதிக்கொள்ளுங்கள்.

மகள் முழுகாமல் இருக்கிறாள், இது ஆறாம் மாதம். கீழே என்னோடு வந்துவிட்டாள். பெட்டிகளை நானே பிரித்து வைத்தேன். கெட்டிலில் படிவு அப்படியே கிடக்கிறது. சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள் சார். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?