ஹரி என்று சொல்லி அரிப்பு வாங்கியவன்

கையிலே கடிகாரமும் கண்ணிலே கண்டிப்புமாக வீற்றிருந்தாலும் நெஞ்சிலே நிறைந்த நேசத்தோடு இந்த அவையை நடத்திக்கொண்டிருக்கும் தலைவர், இப்பள்ளியின் தலைமை ஆசிரியை சுகிர்தம் அம்மையார் அவர்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்து, பூட்டினோமா இல்லையா என்ற கவலையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தேனிக் கடைத்தெருவின் பெரியோர்களே! திராட்சைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, தென்னைக்கு வேலியடைத்துவிட்டு, கால் சேறு காயும் முன்பே ஓடி வந்திருக்கும் உழவர் பெருமக்களே! இடுப்பிலே ஒரு பிள்ளை, கையிலே ஒரு பிள்ளை, மேடையிலே பாடப்போகும் ஒரு பிள்ளை என்று மூன்று திசையும் பார்த்திருக்கும் தாய்மார்களே! நாளைய நாட்டை நடத்தப்போகும் மாணவச் செல்வங்களே! கடைசியாக, மூன்றாவது வரிசையில் அமர்ந்து என் ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் வந்து திருத்தம் சொல்லப்போகும் என் துணைவியார், இப்பள்ளி ஆசிரியை பூமாரி அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வைகுண்டராஜின் பணிவான வணக்கம்.

ஆங்கில மன்றத்தைத் தொடங்கிவைக்க வேண்டும், ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருளையும் பயன்பாட்டையும் விளக்க வேண்டும் என்று தலைவர் பணித்தார்கள். யாரிடம்? பருப்பு நிறுத்துப் பிழைக்கிறவனிடம்! மதுரையில் பி.யூ.சி. படித்து, ஆங்கிலத்தில் மட்டும் தேறாமல் திரும்பியவனிடம்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தோற்ற பாடத்தைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்தது போன்ற மேடை எவனுக்குக் கிடைக்கும்?

நான் எடுத்துக்கொண்ட சொல் ‘ஹரி’. திருமாலின் திருநாமம் அன்று, ஆங்கிலத்து அவசரம். ‘ஹரி அப்’ என்கிறார்களே, அந்த ஹரி. ‘அப்’ என்றால் மேலே. அவசரம் என்றால் மேலே எங்கே ஏறுவது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த நாளில், அறுபத்தொன்பதாம் ஆண்டில், விளங்காத சொல்தான் எனக்கு வேதம்! மதுரையிலிருந்து நான் கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு கைக்கடிகாரம், இந்த ஒரு சொல். தேநீர்க் கடையில் ஹரி, முடிவெட்டும் கடையில் ஹரி, மாட்டுவண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு மாட்டைப் பார்த்தும் ஹரி! மாடு திரும்பிப் பார்த்தது. அது ஒன்றுதான் என் ஆங்கிலத்தை அந்த நாளில் மதித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆண்டிபட்டியில் நூல் வியாபாரம் செய்த சங்கரலிங்கம் அவர்கள் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். அன்றுதான் தைத்து வந்த சட்டை. கழுத்துப் பட்டையில் கஞ்சி ஏறி மரப்பலகையாய் நின்றது. அது அறுக்கிறது, நான் சொறிகிறேன். மீண்டும் அறுக்கிறது, மீண்டும் சொறிகிறேன். போய் உட்கார்ந்ததும், “நாளைக் குறிச்சிருங்க” என்று ஆரம்பித்தேன்.

சங்கரலிங்கம் சிரித்தார். “கல்யாணத்துக்கு என்ன மாப்பிள்ள இம்புட்டு வேகம்? ஆவணியில வச்சுக்கிடலாமே?”

என் ஆங்கிலம் எழுந்து நின்றது. “ஐ யாம் இன் எ ஹரி, மாமா! எனக்கு எப்பவுமே ஹரிதான். காலையில எந்திரிச்சா ஹரி, கடையில உக்காந்தா ஹரி, படுத்தாக்கூட ஹரி!”

இப்படிச் சொல்லிக்கொண்டே கழுத்தைப் பரபரவென்று சொறிந்தேன். கதவுக்குப் பின்னால் பெண்ணின் தாயார் பிச்சையம்மாள் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் என்ன விழுந்திருக்கும்? நம் ஊர்க் காதில் ‘ஹ’ எங்கே விழுகிறது? அரி, அரி, அரி! படுத்தாலும் அரி!

இரண்டொரு நாளில் தரகர் குருசாமி கடைக்கு வந்தார். முகத்தில் களையில்லை.

“தம்பி, அவுக யோசிக்கிறாக.”

“என்ன யோசனை?”

“ஒங்களுக்கு ஒடம்பு பூரா அரிக்குதாமே? நீங்களே ஒங்க வாயால சொன்னீகளாம். சொறிஞ்சதையும் பாத்திருக்காக. படுத்தாக்கூட அரிக்கிற புள்ளைக்கு எப்பிடிப் பொண்ணக் குடுக்கன்னு அந்தாத்தா அழுகுறாக.”

அவர் சொன்னதைக் கடையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? தேனிக் கடைத்தெருவே எனக்கு வைத்தியம் பார்த்தது. ஒருவர் கந்தகக் களிம்பு கொடுத்தார். ஒருவர் வேப்பிலை அரைத்துக் கொண்டுவந்தார். ஒருவர், “சுருளி அருவியில போய் நில்லப்பா, எப்பேர்ப்பட்ட சொறியும் ஓடிரும்” என்றார். இவையெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான். சிரிப்பு நின்ற இடம் ஒன்று உண்டு. ஒரு தாய் அரிசி வாங்க வந்தார்கள். நான் படியைக் கையில் எடுத்தேன். கல்லாவிலிருந்து என் அப்பா மெதுவாகச் சொன்னார்: “ஏலே, நீ அள்ளிப் போடாத. அங்கன தள்ளி நில்லு.”

பெற்ற தகப்பன்! எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த தகப்பன்! ஊர் நம்பிவிட்ட பிறகு உண்மையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அன்றே ஆண்டிபட்டிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிக் காட்டிவிடுவது என்று கிளம்பினேன். எப்படிக் கிளம்பினேன்? ஹரியாகத்தான்! நகர்ந்துகொண்டிருந்த பேருந்தில் பலகையைப் பாராமல் பாய்ந்து ஏறினேன். உட்கார்ந்து வியர்வையைத் துடைத்த பிறகு கண்டக்டர் சொன்னார்: “ஆண்டிபட்டியா? இது கடமலைக்குண்டு வண்டிங்க.”

கடமலைக்குண்டில் இறங்கினால், ஆண்டிபட்டிப் பேருந்து நிற்கிறது, ஓட்டுநர் சாப்பிடுகிறார். “சோத்தத் தின்னுட்டு எடுத்திருவோம், இருங்க” என்றார் கண்டக்டர். இருப்பேனா நான்? பக்கத்துத் தோட்டத்துக்கு அப்பால் பாதையில், ஆண்டிபட்டிக்குப் போகும் ஒரு பருத்தி லாரி புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. குறுக்கே பாய்ந்தேன். வரப்பு வழுக்கியது. விழுந்தேன். எங்கே விழுந்தேன்?

ஆம் தாயே, நீங்கள் சொன்னதேதான். செந்தட்டிச் செடி! இலை பட்டாலே எரிந்து அரிக்கும் அந்தச் செடிக்குள் முகம் குப்புற விழுந்தேன்! லாரியின் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, ஊர் முழுக்கச் சொன்ன அந்த அரிப்பை முதன்முதலாக அனுபவித்துக்கொண்டே போனேன். வழியில், நான் காத்திருக்க மறுத்த பேருந்து எங்களைத் தாண்டிப் போயிற்று. கண்டக்டர் கையசைத்தார். பதிலுக்குக் கையசைக்க எனக்குக் கை ஒழியவில்லை.

தனக்கு அரிப்பு இல்லை என்று மெய்ப்பிக்கப் போனவன், இரண்டு கையாலும் சொறிந்தபடி அந்த வீட்டு வாசலில் நின்றேன். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. பிச்சையம்மாள் பார்த்தார்கள். “அய்யய்யோ! நான் சொன்னேன்ல? இங்கன வந்து பாருங்க!” என்று கணவரை அழைத்தபடி உள்ளே ஓடினார்கள்.

வெளியே வந்தது பூமாரி. மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். “பூசிக்கிருங்க. செந்தட்டிதானே? கையில இலை ஒட்டியிருக்கு.”

“எனக்கு அரிப்பெல்லாம் இல்லைங்க” என்றேன், சொறிந்துகொண்டே. “அன்னைக்கு நான் சொன்னது ஹரி. ஹரின்னா...”

“அவசரம். எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு. நானும் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவதான்.”

“அப்ப ஏன் ஆத்தாகிட்டச் சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? வந்தீக, காபி குடிச்சீக, கடிகாரத்தப் பாத்தீக, நாள் குறிக்கச் சொன்னீக. என் மொகத்த ஒருக்கா பாத்தீகளா? எனக்கு மதுரையில டீச்சர் ட்ரெய்னிங்குக்கு எடம் கெடச்சிருக்கு. ரெண்டு வருசப் படிப்பு. அத எங்கய்யா வாயத் தொறந்து சொல்றதுக்குள்ள நீங்க தேதி கேட்டுட்டீக. மாப்பிள்ளைக்கு அரிப்புன்னு ஆத்தா அழுதப்ப, எனக்குப் போன மூச்சு திரும்பி வந்துச்சு.”

அவையோரே, அப்போதுதான் நான் அந்த முகத்தைப் பார்த்தேன். ஒரு கண்ணால்தான் பார்த்தேன். மறு கண் திறக்கவில்லை. அந்த ஒரு கண்ணுக்குத் தெரிந்தது, அந்த முகம் என்னைக் கண்டு பயந்திருக்கிறது என்று. பருப்புக் கடைக்காரனைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது? என் வேகத்தைக் கண்ட பயம் அது.

“படிச்சு முடிங்க. நான் இருக்கேன்” என்றேன்.

“ஹரி இல்லையா?”

“இப்போதைக்கு அரிப்பு மட்டுந்தான்.”

சிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த சங்கரலிங்கம் மாமாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் சிரித்த சிரிப்பில் தோள்துண்டு கீழே விழுந்தது. இரண்டு ஆண்டு காத்திருந்தேன். அந்த இரண்டு ஆண்டும் கடைத்தெரு என்ன சொல்லிற்று தெரியுமா? ‘பாவம், இன்னும் ஆறலையாம்!’

மாணவச் செல்வங்களே, இப்போது இலக்கணத்துக்கு வருகிறேன். மூன்றாவது வரிசை கவனிக்கிறது, பிழை செய்யமாட்டேன். ஹரி என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பயன்பாடு. நானே விரைந்தால் அது தன்வினை. பிறரை விரட்டினால் அது பிறவினை. தன்வினையில் என்ன நட்டம்? பேருந்து மாறும், செந்தட்டியில் விழுவோம், எழுவோம், எண்ணெய் பூசுவோம், ஆறும். பிறவினையில் என்ன நட்டம்? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள் பெற்றோரே! எட்டாவது படிக்கிறவளை யார் விரட்டுகிறோம்? பத்தாவது எழுத வேண்டியவளை யார் விரட்டுகிறோம்? பாதிப் பாடத்தில் புத்தகத்தை மூடச் சொல்வது யார்? பருத்திக்குப் பருவம் பார்க்கிறோம், பயிருக்குப் பருவம் பார்க்கிறோம், பெற்ற பெண்ணுக்கு மட்டும் பொறுக்கமாட்டோமா? விழுந்தவன் நானென்றால் ஊர் சிரித்துவிட்டுப் போகும். அவள் விழுந்தால் எந்த எண்ணெயைப் பூசுவீர்கள்?

யார் அங்கே எழுந்து நிற்பது? கோட்டைச்சாமி அண்ணனா? சொல்லுங்கள் அண்ணே, எல்லாருக்கும் கேட்கட்டும்.

“தம்பி, பொதுவாப் பேசிட்டுப் போயிருவீக. தையில முடிக்கணும்னு மாப்பிள்ள வீட்டுக்காரவுக நெருக்குறாக. எம் பொண்ணு மலையம்மா பத்தாவது பரிச்ச எழுதணுங்குறா. நான் யாருக்குப் பதில் சொல்ல?”

நியாயமான கேள்வி. அண்ணே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் போதும், இப்படித் திரும்பி உங்கள் மகளின் முகத்தைப் பாருங்கள். அதோ, நடு வரிசையில் எழுந்துவிட்டாள். பயப்படாதே தாயே, அப்பாவிடம் சொல்.

“பரிச்ச எழுதிட்டு, மேலயும் படிக்கணும்பா.”

அவையோரே, அமைதி, அமைதி. அண்ணன் ஏதோ சொல்கிறார்.

“சரி ஆத்தா. படி. அவுகளுக்கு நான் சொல்லிக்கிடுறேன்.”

கை தட்டுங்கள்! எனக்கல்ல, அந்த மனிதருக்கு! இதற்கு மேல் நான் பேசினால் அது மரியாதையில்லை. வாய்ப்புத் தந்த தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், தாய்மாருக்கும், இந்தப் பள்ளியின் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.