வளைவில் வரும் புகை

போடிமெட்டு ஏறும் ஜீப்பில், ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில் ஒருத்திக்கு இருமல் நிற்கவே இல்லை.

“வண்டிக்குத்தான் புகை சர்ட்டிபிகேட்டு இருக்கே, அப்புறம் எப்படி ஆத்தா இருமல் வரும்?” என்றார் டிரைவர்.

“எங்க வச்சுண்ணே சோதிச்சாக?”

“கீழ, போடியிலதான். நிப்பாட்டி வச்சு, குழாய்ல கம்பியச் சொருகிப் பாத்தாக. பாஸாயிருச்சு.”

“இம்புட்டுப் பேர ஏத்திக்கிட்டு, இந்த வளைவுல ஏறுறப்பப் பாக்க மாட்டாகளா?”

“மலைக்கு யாரு ஆத்தா வர்றா?”

அடுத்த வளைவில் கறுப்புப் புகை சுருண்டு உள்ளே வந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேண்ணே. நேத்து உங்க புள்ளத்தாச்சி மகள, ‘பின்னாடி ஏறாத, புகை வரும்’னு ஏன் முன்னாடி உக்கார வச்சீக?”