இருமலை நிறுத்தியவன்

பாலோ ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலேயே என் ஆஸ்பத்திரித் தரைதான் சுத்தமானது. சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டோடு பதினோரு வருஷமாக நான் அங்கே டிரெசர். ஊசியும் மருந்தும் என் கையில்தான். மாதம் ஒருமுறை குளுவாங் டவுனிலிருந்து டாக்டர் வந்து கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

வெள்ளையம்மாவுக்கு இழுப்பு. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். அவள் புருஷன் அய்யாவு அவளைக் கட்டில் ஓரத்தில் குப்புறப் போட்டு, முதுகில் தட்டித் தட்டி, சளியை நூல் நூலாகத் தரையில் துப்ப வைப்பான். பார்க்கச் சகிக்காது. தட்டக்கூடாது என்றேன்.

"வெளிய வந்தாதாங்க அவளுக்கு மூச்சு. உள்ளயே கட்டிக்கிச்சுன்னா செத்துடுவா, டிரெசர் ஐயா," என்றான்.

மரம் சீவுகிறவன் எனக்கு வைத்தியம் சொல்கிறான். அவனை வெளியே அனுப்பிவிட்டு அபின் கலந்த இருமல் மருந்தைக் கொடுத்தேன். இருமல் நின்றது. மதியத்துக்குள் விசிலும் நின்றது. குணம் என்று எழுதினேன். சாயங்காலம் செத்துப்போனாள்.

டாக்டர் அறுத்துப் பார்த்தார். மூச்சுக் குழாய்களைச் சளி அடைத்திருந்தது, கோப்பையில் உறைந்த ரப்பர்ப்பால் மாதிரி. சத்தம் நின்றது குணத்தால் அல்ல, காற்றுப் போக வழியில்லாததால் என்றார். இழுப்புக்காரர்களுக்கு இனி அபின் கூடாது என்றார். எல்லாவற்றையும் ஆட்கள் முன்னால் சொன்னார். அய்யாவு என்னையே பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் தண்டனை குறையும் என்கிறீர்கள். சொல்ல மாட்டேன். எனக்கு வைத்தியம் தெரியாது என்று எவனும் பேசக்கூடாது.

நாற்பது நாள் கழித்துக் கருப்பாயி அதே இழுப்போடு வந்தாள். இருபது வயசு. மருந்தை மாற்றியிருந்தால் என்ன ஆகும்? வெள்ளையம்மாவைக் கொன்றது நான்தான் என்று என் கையாலேயே ஒப்புக்கொண்டது போலாகும். அதே புட்டியை எடுத்தேன்.

"குடிச்சா சரியாயிடுங்களா, ஐயா?" என்றாள்.

ஆகும் என்றேன். ஒரு மணி நேரத்தில் விசில் நின்றது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நகம் நீலமாவதைப் பார்த்தேன். முதுகில் தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

கருப்பாயியை நான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளையம்மா விஷயத்தில் மட்டும் என் மேல் ஒரு தப்பும் இல்லை.