அழாத பிள்ளைகள்

மலையில் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சளி சீக்கிரம் பிடித்துவிடும். தேயிலைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையின் தகரச் சுவரில் காலை பத்து மணிவரை ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். தாய்மார்கள் ஏழு மணிக்குள் கொழுந்து பறிக்க மேட்டில் ஏறிவிடுவார்கள். பதினோரு பிள்ளைகளுக்கும் நான் ஒருத்திதான் ஆயா. பெயர் ருக்குமணி. எழுபத்தொன்றிலிருந்து எட்டு வருடமாகப் பார்த்துவருகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

முதலில் கொடுத்தது திலகத்தின் மகனுக்கு. பல் முளைக்கிற சமயம், ஓயாமல் அழுதான். என் வீட்டுக்காரர் செல்லையா குடிக்கும் சம்சுச் சாராயத்தை விரலில் தொட்டு ஈறில் தடவினேன். தூங்கிவிட்டான். சாயங்காலம் திலகம் வந்து, "என்னக்கா மந்திரம் போட்டீங்க? வீட்டுல ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான்லா" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் பாலில் ஒரு மூடி சம்சு ஊற்றினேன். ஒருவனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களை அழவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எல்லாருக்கும் கொடுத்தேன். லயத்து வரிசையில் சம்சு இல்லாத வீடு எது? சம்பளத்தன்று ஆண்கள் வடிகாலில் விழுந்து கிடப்பார்கள். செல்லையா ஈரல் வீங்கிச் செத்தபோது, துக்கத்துக்கு வந்தவர்களுக்கும் அதைத்தான் ஊற்றினோம். அதன்பிறகு நானே கடைக்குப் போய் வாங்கினேன். பிள்ளைகளுக்காக.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் கை நடுங்கி அழுவதாகத் தாய்மார்கள் சொன்னார்கள். திங்கட்கிழமை என் மடிக்கு வந்ததும் சரியாகிவிடும். ஒருமுறை தோட்டத்து மருந்தகத்து டிரசர் சாம்பசிவம் வந்தார். "ஏம்மா, பட்டப்பகல்ல எல்லாம் இப்படித் தூங்குதுங்க?" என்றார். "குளிருங்க" என்றேன். குனிந்து ஒரு பிள்ளையின் வாயை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரும் குடிப்பவர்தான்.

மலருடைய மகளுக்கு ஏழு மாதம். அன்று காலையில் மலர், "ராத்திரியெல்லாம் இருமல்க்கா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டேன். இருமலாயிற்றே என்று மூன்று மூடி ஊற்றினேன்.

பத்தரை மணிக்குத் தொட்டில் துணியை விலக்கினேன். உதடு நீலமாக இருந்தது. மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு இல்லை. மலர் பக்கத்து மேட்டில்தான் இருந்தாள், குரல் கொடுத்தால் கேட்டிருக்கும். ஆனால் மற்றப் பத்துப் பிள்ளைகளும் விழித்துக்கொள்ளும். துணியை மூடிவிட்டுத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மதியம் மலர் பால் கொடுக்க ஓடிவந்தாள்.

"இப்பதான் கண்ணு அசந்தா. எழுப்பாத" என்றேன்.

"மாரு கட்டிக்கிட்டு வலிக்குதுக்கா."

"சாயந்திரம் வந்து குடு."

தொட்டிலை ஒருதரம் தொட்டுவிட்டு, சட்டை நனைந்தபடியே மேடேறிப் போனாள். நாலு மணிக்குத்தான் அவள் துணியை விலக்கிப் பார்த்தாள்.

பதினோரு பிள்ளைக்கு ஒரு நாளில் அரைப் பாட்டில் சம்சு எப்படித் தீரும் என்று கேட்கிறீர்கள். தீராது, ஐயா. பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை, வீணாக வேண்டாமே என்று நான் குடித்துவிடுவேன். மற்றபடி எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது.