மரக்காணத்தில் உட்காரக் கூடாது

"காலு நனைக்கிறதுக்கு மரக்காணம் வரைக்கும் போவணுமா? தறிக்குழியில எறக்கினாலே நனையுது."

சேவூர் போகும் டவுன் பஸ்ஸில், என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் தன் வீட்டுக்காரரிடம் இப்படிக் கேட்டார். ஐப்பசி அடைமழை. நெசவு வீடுகளில், நெய்பவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோயிருந்த சமயம்.

"அது ஊத்துத்தண்ணி, இது கடலு," என்றார் அவர். "நாமளும் சும்மாதானே கீறோம். மழையில அங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. அமைதியா இருக்கும்."

"அங்க போயி இன்னாங்க பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உக்காந்துகினு கடலைப் பாக்கலாம்."



"கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க பக்கத்துல, தறியில ஒரே பலகையில உக்காந்துகினுதானே கீறேன். பஸ் ஏறிப் போயும் உக்காரணுமா?"

"வேற இன்னா பண்ணணும்ன்ற?"

"நடக்கணும். கரையோரமா போயிகினே இருக்கணும்."

"எனக்கு முட்டி வலிக்குமே."

"அப்ப நீங்க உக்காருங்க. நான் போயிட்டு வர்றேன்."

"தனியாவா?"

"அமைதி வேணும்னு நீங்கதானே சொன்னீங்க."

அடுத்த நிறுத்தத்தில் சிலர் இறங்கினார்கள். "பின்னாடி ரெண்டு சீட்டு காலியா கீது, உக்காருங்களேன்," என்றார் கண்டக்டர்.

வீட்டுக்காரர் ஓரடி எடுத்து வைத்தார். கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்ற அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"வேணாம்பா," என்றார் கண்டக்டரிடம். "இப்பவே பழகிக்கறேன்."