பாட்டில்லாத கசெற்

14.10.1996, திங்கள். நேற்று ஒரு சிறிய தவறு செய்தேன். கசெற்றை என் பைக்குள் வைப்பதற்குப் பதிலாக வேலுசாமியின் பைக்குள் வைத்துவிட்டேன்.

கணக்கியல் வகுப்பில் சொல்லித்தருவது போல, பிழை எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் பார்க்கிறேன்.

மாலை வகுப்புக்குப் போகும் வழியில், வெள்ளவத்தையில் மர்ஸூக் நானாவின் கடையில் அதைப் பதிவு செய்வித்தேன். வெளிநாட்டு ராக் இசை. சிந்தசைசரும் கிற்றாரும் மட்டும், ஒரு சொல்கூடக் கிடையாது. "பாட்டுக்காரன் பஸ்ஸ உட்டுட்டான் போல ஈக்கிது தம்பி" என்று நானா சிரித்தார். முதல் தடவை எனக்கும் விளங்கவில்லை. கேட்கக் கேட்க, சிந்தசைசர் ஒரே சுரத்தில் நெடுநேரம் நின்று அறைச் சுவர்களை மெல்ல அப்பால் நகர்த்துவது தெரிந்தது. கிற்றார் மிகத் தாமதமாக, இருட்டுக் கடலில் தோணி விளக்குப் போல வரும். அதுவரைக்கும் என் காதுகளுக்குக் கொழும்பில் சோதனைச்சாவடியே இல்லை.

கொட்டாஞ்சேனையில் என்னோடு ஒரே அறையில் இருந்த வேலுசாமி புடைவைக் கடையில் வேலை செய்பவன், ஊர் ஹற்றன். இயர்போனின் ஒரு பக்கத்தை வாங்கிக் கேட்டுவிட்டு, "எங்க மலையில பனி இறங்குற மாதிரி இருக்குண்ணே" என்றான். அவனுக்கு என்னைவிட நன்றாக விளங்கியிருந்தது.

நேற்று மத்தியானம் கீழே சப்பாத்துச் சத்தம் கேட்டது. "பிள்ளையள், செக்கிங்! ஐசியைக் கையில வைச்சிருங்கோ" என்று வீட்டுக்கார புளோறன்ஸ் அன்ரி குரல் கொடுத்தார். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதோடு வெறும் ஒலி மட்டும் நிறைந்த ஒரு கசெற்றும் இருந்தால் ஏதோ சங்கேதச் செய்தி என்றுதான் நினைப்பார்கள் என்று யோசித்தேன். வேலு மலைநாட்டுக்காரன், அவனை அவ்வளவு சந்தேகிக்க மாட்டார்கள் என்றும் யோசித்தேன். அவனுடைய பை சிவப்பு, என்னுடையது நீலம். அவசரத்தில் மாறக்கூடியதுதான். அவன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

பொலிஸ்காரர் வேலுவின் பையிலிருந்து எடுத்த கசெற்றைப் போட்டுக் கேட்டார். "சிந்து கோ?" என்றார். பாட்டு எங்கே என்று அர்த்தம். முன்னுக்கு ஓடவிட்டார். அங்கேயும் பாட்டில்லை.

"சும்மா மியூசிக் சேர்." பயத்தில் வேலுவுக்குத் தெரிந்த சிங்களமும் மறந்துவிட்டது. என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்கண்ணே."

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன்.

அவனைச் செருப்புப் போடவும் விடவில்லை.

இன்று காலை அன்ரி பொலிசுக்குப் போய்வந்தார். "கசெற் ஆரின்ர, எங்க றெக்கோட் அடிச்சது எண்டு ஆரும் வந்து சொன்னா விடுவினமாம். இல்லாட்டி நாளைக்குப் பின்னேரம் வேற இடத்துக்கு ஏத்திடுவினம். பிறகு தேடேலாது. உமக்கு ஏதும் தெரியுமே தம்பி?"

"இல்லை அன்ரி."

செருப்பு வாசலிலேயே கிடந்தது. கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

மேலே தவறு என்று எழுதியது சரியான சொல்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. சிவப்புப் பையின் சிப்பைத் திறந்து, அவன் உடுக்க மடித்து வைத்திருந்த சாரத்துக்கு அடியில் கசெற்றை வைத்து, திரும்பவும் சிப்பை மூடினேன்.

நாளை: வகுப்புக்கு முன் மர்ஸூக் நானாவிடம் அதே இசையை மறுபடி அடிக்கக் கொடுக்க வேண்டும். இம்முறை இரண்டு பக்கத்திலும் முதலில் ஒரு சினிமாப் பாட்டுப் போடச் சொல்ல வேண்டும்.