ஆற்றோரத் தெருவுக்கு நேற்றைய செய்தி

டீ எனக்கு வேண்டாம். ராத்திரி வேலை பார்க்கிறவன் விடிந்தபின் டீ குடித்தால் பகல் தூக்கம் போய்விடும். நீங்கள் குடியுங்கள். நான் சொல்லிக்கொண்டே போகிறேன்.

என் பெயர் வீரபாகு. கேபிள் கண்ட்ரோல் ரூமில் சாயங்காலம் வந்தால் விடியும்வரை நான் ஒருவன்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தோடு நின்றுவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருக்கும். பரிதாபப்பட வேண்டாம், எனக்கும் அவர்களிடம் சொல்ல எதுவும் இல்லை.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். ஊரில் எல்லா வீட்டிலும் செட்டாப் பாக்ஸ் இருக்கிறது. வேகவதி ஓரத்தில் ஆற்றோரத் தெரு என்று ஒன்று உண்டு, அங்கே மட்டும் இல்லை. எல்லாம் பழைய குண்டு டிவி. பாக்ஸ் வாங்கச் சொன்னால் கதவைச் சாத்துவார்கள். அவர்களை விடவும் மனமில்லாமல் என் முதலாளி ஜெயக்குமார் ஒரு வழி செய்தார். கொஞ்சம் பாக்ஸ்களைக் கண்ட்ரோல் ரூமிலேயே அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சேனலை நிறுத்திவைத்தார். டிஜிட்டலாக வருவதைப் பாக்ஸ் படமாக மாற்றும். அந்தப் படத்தை மாடுலேட்டர் பழைய அனலாக் முறையில் வயரில் ஏற்றும். அந்த வயர் அந்த ஒரு தெருவுக்கு மட்டும் போகும். சட்டப்படி கூடாது. ஆனால் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தது அதற்காக இல்லை.

ஊர் என்ன பார்க்கிறது என்பது என் கையில் இல்லை. அந்தத் தெரு என்ன பார்க்கிறது என்பது என் கையில் இருந்தது.

ரம்ஜான் பீ அந்தத் தெருவின் கடைசி வீடு. கணவர் இல்லை. மகள் ரூக்ஷார் ஆம்பூரில். ரம்ஜான் பீக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். முதல் தடவை போன் செய்தபோது வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"யோவ், எல்லா மூஞ்சியும் பச்சையா தெரியுது. சீரியலா பேய்ப் படமா?"

வயரை அசைத்துச் சரிசெய்தேன். இப்போது எப்படி என்று கேட்டேன்.

"இப்ப மனுஷங்க மாதிரி இருக்காங்க. நீ என்னா படிச்சிக்கிற?"

"இன்ஜினியரிங். பாதில நிறுத்திட்டேன்மா."

"அதான் பாதி கலரு வருது."

சிரித்துவிட்டு வைத்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அறையில் கண்ணாடி இல்லை.

ஒரு வாரம் போன் வரவில்லை. எட்டாம் நாள் அவர் பார்க்கும் சேனலின் மஞ்சள் பின்னைக் கழற்றினேன். படம் போகும், சத்தம் மட்டும் இருக்கும். உடனே கூப்பிட்டார். சரிசெய்கிற மாதிரி நேரம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஆம்பூர் மாப்பிள்ளையின் கஞ்சத்தனம், பக்கத்து வீட்டு மயில்வாகனத்தின் குறட்டை, எதிர்வீட்டு நாய் எல்லாம் பேசினார். பிறகு அடிக்கடி கழற்றினேன். யாருக்கும் நஷ்டமில்லை. தெருவில் மற்றவர்கள் டிவியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள்.

ஒருநாள் அவரே கேட்டார். "பேட்டா, தொழுதுட்டு வர்றதுக்குள்ள சீரியல் ஆரம்பிச்சுடுது. கொஞ்சம் புடிச்சு வையேன்."

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் முடியும். பாக்ஸிலிருந்து வரும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதிவாக்கி, அவர் மிஸ்டு கால் கொடுத்தபின் அங்கிருந்து மாடுலேட்டருக்கு விட்டேன். சீரியல் தாமதமாக வந்ததை அந்தத் தெருவில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு மட்டும் தெரியும்.

"டேய், எனக்காக ஒரு தெருவையே நிறுத்தி வச்சிட்டியா? நீ மந்திரிடா."

அப்படி யாரும் என்னைச் சொன்னதில்லை.

இந்த ஐப்பசியில் ரூக்ஷார் வந்து தங்கினாள். அம்மாவை ஆம்பூருக்கு நிரந்தரமாகக் கூட்டிப்போகப் பார்த்தாள். ரம்ஜான் பீ மறுத்து, கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்து அனுப்பினார். எனக்குப் போனில் சொன்னார்.

"ஆத்துல தண்ணி வருதுன்னு டிவில சொல்லட்டும், அன்னிக்கே கெளம்பி வந்துடுறேன்னு சொல்லிட்டேன்பா. அப்புறம் இந்த வூட்டுக்குத் திரும்ப மாட்டேன். அவ சாவியையே வாங்கிக்குவா."

"அங்க டிவி இருக்குதாம்மா?"

"சுவரு அகலத்துக்கு வச்சிருக்கான் அந்தக் கஞ்சன். ரிமோட்டு மட்டும் தரமாட்டான்."

அவர் சிரித்தார். நான் அடுத்த வாரம் முழுக்க வானிலை பார்த்தேன்.

அந்தப் புதன்கிழமை நான் வேலைக்கு வந்ததும் ஜெயக்குமார் கூப்பிட்டார். "வீரா, ஏரியத் தொறக்குறாங்க. ஆத்தோரம் இருக்கிறவங்க மேட்டுக்குப் போகணுமாம். லோக்கல் சேனல்ல ஓடவுடு. அந்தத் தெருவுக்கும் ஓடுதான்னு பாத்துக்கபா, அவங்க நம்ம டிவியத்தான் நம்புவாங்க."

சரிண்ணா என்றேன். வாசகத்தை நானே டைப் செய்தேன், ஊருக்கு ஓடவிட்டேன். பிறகு ஆற்றோரத் தெருவுக்குப் போகும் லோக்கல் சேனலையும் செய்திச் சேனலையும் பாக்ஸிலிருந்து கழற்றி, கம்ப்யூட்டரில் நான் எடுத்துவைத்திருந்த முந்தின நாள் பதிவுகளைப் போட்டேன். அதில் மழை படிப்படியாகக் குறையும் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல குரல்.

தெருவில் ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். சிலருக்குப் போனிலும் வந்தது. பாதித் தெரு கிளம்பிவிட்டது. ரம்ஜான் பீ என்னைக் கூப்பிட்டார்.

"ஆட்டோக்காரன் கத்திக்கினு போறான். டிவில மழை கொறையுதுன்னு சொல்றாங்க. மயில்வாகனம் என்னைக் கேக்குறாரு, நான் உன்னைக் கேக்குறேன். கெளம்பட்டுமா?"

"டிவில என்ன சொல்றாங்களோ அதாம்மா."

இது பொய்யா என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்துவிட்டேன். பொய் இல்லை.

"அப்ப சரி. அந்த ஆட்டோக்காரன் போன வருஷமும் இப்படித்தான் தூக்கத்தைக் கெடுத்தான்." பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார். "மயிலண்ணே, ஒண்ணுமில்லையாம். கேபிள் பையனே சொல்லிட்டான்."

மயில்வாகனத்தையும் அவர் மனைவி கமலாட்சியையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவர்களுக்கு நான் எதுவும் செய்யவில்லை. அவர்கள் அதே வயரில் இருந்தார்கள்.

தண்ணீர் வரும் என்று தெரியுமா? தெரியும். இவ்வளவு வரும் என்று தெரியாது என்றால் எனக்கு நல்லது, உங்களுக்கும் எழுதச் சுலபம். ஆனால் எவ்வளவு வரும் என்பது வாசகத்திலேயே இருந்தது. டைப் செய்தது நான்.

எட்டு மணி வாக்கில் அவர் மறுபடி கூப்பிட்டார்.

"பேட்டா, டிவி போச்சு. லைட்டும் இல்லை. உன் லைன் கோளாறா?"

தெருவுக்குக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். "பாத்துக்கினு இருக்கேன்மா," என்றேன்.

"காலுக்கடியில ஈரமா இருக்குது."

"ஓடு ஒழுகும்மா. கட்டில்ல ஏறி உக்காருங்க. லைன்மேனை அனுப்புறேன்."

நான் யாரையும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள், விடிந்ததும் ஆம்பூர் பஸ்ஸில் ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் எப்படியும் வடிந்துவிடும், மறுநாள் அவர் என்னைத் திட்டிவிட்டு மறந்துவிடுவார் என்று நினைத்தேன். இதையும் எழுதுங்கள், நியாயமான கணக்குதான்.

"வச்சுடாதபா. இருட்டா இருக்குது."

வைக்கமாட்டேன் என்றேன். அவர் கட்டிலில் இருந்தபடி பேசினார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த கதை, கணவர் அரைக்கால் டவுசரோடு சைக்கிள் பழகிக் கொடுத்தது. நடுவில் கட்டில் ஆடுகிறது என்றார். மயிலண்ணே என்று ஒருமுறை கூப்பிட்டார். பதில் வரவில்லை. லைன்மேன் எங்கே என்றார். வந்துகொண்டிருக்கிறான் என்றேன். பிறகு உருதுவில் என்னவோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. அதன்பின் சத்தம் மட்டும் இருந்தது. அதையும் கடைசிவரை கேட்டேன். வைக்கவில்லை.

மூன்று பேரும் என்னால்தான் போனார்கள் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ரூக்ஷார் வெளியே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை. அந்த நேரம் முழுக்க அவள் அம்மாவுக்குக் கூப்பிட்டாளாம், பிஸி என்றே வந்ததாம். நான் போனைக் கட் செய்திருந்தால் அம்மாவிடம் வெளியே ஓடச் சொல்லியிருப்பாளாம். பிஸி என்று வந்திருக்கலாம். ஆனால் மகள் கூப்பிடுவது அவருக்குத் தெரிந்திருக்கும் இல்லையா, காதில் பீப் சத்தம் வந்துகொண்டேதான் இருந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.